கோழி தின்ற மாத்திரை

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், பரீட்சைக்குப் பயம், இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் நான் உண்டானபோது வந்த பயம் சிரிப்புக்கு அடங்குகிற பயமாக இல்லை. வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுப்பார்கள் என்ற பயம் அது.

காரணம் என் அக்கா. அவளுக்கு முதல் பிரசவம் ஆபரேஷன். தையல் போட்ட இடம் சீழ் பிடித்து, நாற்பது நாள் படுக்கையில் கிடந்தாள். அந்த நாற்பது நாளும் புண்ணுக்குத் துணி மாற்றியவள் நான். அப்போது காலேஜில் கெமிஸ்ட்ரி மூன்றாம் வருஷம். காலையில் அக்காவின் வயிற்றைத் துடைத்துவிட்டு பஸ் பிடித்து லேபுக்குப் போவேன். எந்த ஆசிட்டைத் திறந்தாலும் அந்தப் புண் வாடைதான் அடிக்கும். அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள், ஓட்டமும் நடையுமாக வீட்டை ஆள்கிறாள். அவள் புண் ஆறிவிட்டது, எனக்குத்தான் ஆறவில்லை.

கல்யாணமாகி ஆவூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு வந்தேன். வீட்டில் மாமியாரும் நானும் ஐந்து கோழிகளும். கணவருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. கல்யாண லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய மறுவாரம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது.

எங்கள் ஊருக்கு மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் ஒரு நர்ஸ் வருவார். நாங்கள் எல்லாரும் நர்சக்கா என்போம். கையில் பெரிய பை, தொண்டையில் பெரிய குரல். நாலாவது மாதத்தில் என் கையில் கால்சியம் மாத்திரை அட்டைகளைத் திணித்தார்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒனக்கும் எலும்புக்கு வேணும், உள்ள இருக்கதுக்கும் வேணும். அடுத்த மாசம் வாரப்ப காலி அட்டையக் காட்டணும். காட்டினாத்தான் அடுத்தது."

அன்று சாயங்காலமே குழாயடியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என் காதைக் கடித்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் ஆபரேஷன்.

"சத்து மாத்திரையா குடுத்துச்சு? போட்டுறாத. நான் ஒண்ணு விடாமப் போட்டேன். பிள்ளை தலை எலும்பு இறுகிக் கல்லாயிருச்சு. அப்பறம் எங்கிட்டு வெளிய வரும்? கத்தி வச்சுட்டாங்க."

நான் படித்தவள். கால்சியத்தின் அணு எண் இருபது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எலும்பில் என்ன இருக்கிறது, பாலில் என்ன இருக்கிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள். ஆனால் பயம் வாசல் வழியாக வந்தால் படிப்பு கொல்லை வழியாக ஓடிவிடுகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்தப் பத்து வீட்டுத் தூரத்துக்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

காலி அட்டை காட்ட வேண்டுமே. மாத்திரையைக் குப்பையில் போட்டால் மாமியார் கண்ணில் படும். கோழிக்குத் தவிடு பிசையும் வேலை என்னுடையது. டம்ளர் அடியால் மாத்திரையை நசுக்கித் தவிட்டோடு கலந்தேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நர்சக்கா சொன்னதை எங்கள் வீட்டில் கோழிகள் ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

இரண்டு மாதத்தில் முட்டை மாறியது. அதுவரை எங்கள் கோழி முட்டையைச் சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் போதும், உடைந்துவிடும். இப்போது ஒரு தட்டுக்கு அசையவில்லை, இரண்டாவது தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும் பெண்களிடமெல்லாம், "எங்க கோழி முட்டை ஓடு கல்லு கணக்கா இருக்கு. சட்டி ஒடஞ்சாலும் அது ஒடையாது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.  எனக்கோ அந்த மாதங்களில் முட்டை வாடையே ஆகவில்லை. பால் டம்ளரைப் பார்த்தாலே குமட்டும். ரசம் சோறும் ஊறுகாயுமாகத்தான் ஒன்பது மாதத்தையும் ஓட்டினேன்.

நர்சக்கா வந்து காலி அட்டைகளை வாங்கி, எண்ணிப் பார்த்து, என் தோளைத் தட்டினார். "படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்" என்றார்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு மாத்திரைகூட விழுங்காமலே எனக்கு ஆபரேஷன் ஆனது. இதைவிட என்னை யாராலும் கேவலப்படுத்த முடியாது. தையல் பத்தே நாளில் ஆறியது. நான் பயந்தது வந்து, ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. மாத்திரை நின்றதும் முட்டையும் பழையபடி ஒரே தட்டில் உடைய ஆரம்பித்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பெண் குழந்தை. மாநிறத்துக்கும் மேலே, நல்ல சிவப்பு. நான் கறுப்பு. கல்யாண ஆல்பத்தைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், மாப்பிள்ளை பக்கத்தில் யார் நிழலா என்று கேட்டது எனக்குத் தெரியும். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "தப்பிச்சுருச்சு." என்னிடமிருந்து தப்பித்துவிட்டதாம்.

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வெயில் பட்டால் கறுத்துவிடும், கறுத்தால் என்னைப் போல ஆகிவிடும். ஜன்னலுக்குத் தடித்த திரை தைத்துப் போட்டேன். ஊசி போடக் கொண்டுபோனால் குடை, குடைக்குள் துண்டு, துண்டுக்குள் பிள்ளை. தினமும் ஒரு மில்லி கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்தை, பிள்ளை ஒருநாள் கக்கியது என்று நிறுத்தினேன். ஒன்றரை வயசு வரைக்கும் தாய்ப்பாலும் மசித்த சோறும்தான். வெள்ளைச் சோறு தின்றால் வெள்ளையாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கேழ்வரகுக் கூழைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதன் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை.

இதற்கிடையில் என் உடம்பும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. இடுப்பு, தொடை, குதிகால் என்று இடம் மாறி மாறி வலி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளிட்டால் எழுந்திருக்க முடியாது. எல்லாரும் எழுந்து நிற்கும்போது நான் மட்டும் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுவேன். "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அந்த வலிதான்" என்றார் மாமியார். ஊரில் எல்லாப் பெண்களும் அதையேதான் சொன்னார்கள். நானும் அந்த ஊசிமேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக நொண்டினேன்.

பிள்ளை ஒரு வயசில் நிற்கவில்லை. உச்சிக்குழி மூடவில்லை. பல் வரத் தாமதமானது. கேட்டவர்களுக்கெல்லாம், "பொம்பளப் பிள்ளை, மெதுவா நடக்கும்" என்று நானே வைத்தியம் சொன்னேன். ஒன்றரை வயசுக்கு மேல்தான் நடந்தாள். இரண்டு வயசில் பாதம் இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் முழங்கால்கள் சேரவில்லை. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மணிக்கட்டு தடித்து, வளையல் போட்டால் அங்கேயே நின்றுவிடும்.

நான் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருக்கும், தினம் குளிப்பாட்டுகிறவள் நான். பார்த்துவிட்டு நீளப் பாவாடை தைத்தேன்.

கணவர் தினம் வீடியோவில் பேசுவார். போனை நான்தான் பிடிப்பேன். பிள்ளையின் முகம் தெரியும், சிரிப்பு தெரியும், கையாட்டுவது தெரியும். இடுப்புக்குக் கீழே ஒருநாளும் காட்டியதில்லை. "நடந்து காட்டச் சொல்லு" என்பார். "சிக்னல் இல்லைங்க, முத்தத்துக்குப் போனா கட்டாயிரும்" என்பேன். முற்றத்தில்தான் எங்கள் வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

அவள் மூன்று வயசை நெருங்கும்போது அவர் லீவில் வந்தார். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, முற்றத்தின் அந்தக் கோடியில் குத்த வைத்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். "வாடா தங்கம், அப்பாட்ட ஓடி வா." அவள் போனுக்குள் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டு ஓடினாள். ஓட்டமா அது. இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து, வாத்து போல. பாவாடை தடுக்கியது, தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு காலும் அடைப்புக்குறி போல வளைந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

பிள்ளை போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவர் அதன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு அந்த முற்றத்திலேயே குழி தோண்டி இறங்கிவிடலாம் போல இருந்தது.

மூன்றாம் நாள் திருச்சியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். அவர், நான், மாமியார், மடியில் பிள்ளை. இலுப்பூரில் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் விளக்குக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். எலும்பின் முனைகள் கிழிந்த துணியின் ஓரம் போலப் பிசிறுபிசிறாக இருந்தன. கால்சியம் ஏறாத எலும்பு என்று கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 

டாக்டர் அமைதியான ஆள். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கர்ப்பமா இருக்கும்போது கால்சியம் மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?"

"எல்லாம் சாப்பிட்டேன் சார்."

மாமியார் உடனே சேர்ந்துகொண்டார். "ஒண்ணு விடாமச் சாப்பிட்டா சார். நர்சம்மாவே மெச்சுச்சு."

"குழந்தை வெயில்ல விளையாடுதா?"

"தினமும் சார்."

"பால், முட்டை?"

"குடுக்கிறேன் சார்."

நல்ல தாய் என்ன சொல்வாளோ அதையெல்லாம் சொன்னேன். பக்கத்தில் கணவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாவம், வீடியோவில் பார்த்தவருக்கு என்ன தெரியும்.

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். "நீங்க சொல்றதெல்லாம் சரின்னா இது சாதாரணச் சத்துக்குறைவா இருக்க வாய்ப்பு கம்மி. கிட்னி வழியா உப்பு வெளியேறிப் போற பரம்பரை வியாதி ஒண்ணு இருக்கு. அதுக்கு வைத்தியமே வேற, வாழ்நாள் பூரா மருந்து. ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிப் பாத்துருவோம்."

பரம்பரை வியாதி. அந்த வார்த்தை கேட்டதும் மாமியார் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டார். கணவர், "எங்க பக்கம் யாருக்கும் இல்லையே சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் இந்த இரண்டு பேரும் என்னை என்ன நினைப்பார்கள் என்பது அதற்கு முன்னால் வந்து நின்றது. இல்லாத வியாதிக்குப் பிள்ளை காலமெல்லாம் மருந்து தின்னட்டும், என் குட்டு உடையாமல் இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது.

ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்குப் பிள்ளையின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. முதல் குத்து, வீண். நான் தோளை அமுக்கிப் பிடித்திருந்தேன். "அம்மா, வேணாம்னு சொல்லும்மா! அம்மா, வேணாம்னு சொல்லும்மா!" என்று என் முகத்தைப் பார்த்தே அலறினாள். இரண்டாவது குத்தும் வீண். மூன்றாவது இடத்தைத் தடவியபோது என் வாய் தானாகத் திறந்தது.

"நான் மாத்திரை சாப்பிடல சார். கோழிக்குப் போட்டுட்டேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "எதுக்குப் போட்டீங்க?"

"கோழிக்கு. தவிட்டுல கலந்து."

 பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் கொட்டியது. வெயில், திரை, குடை, சொட்டு மருந்து, நீளப் பாவாடை, போன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட இதையெல்லாம் நான் சொன்னதில்லை. பொய் சொன்னேன் சாமி என்று பொதுவாகச் சொல்லி பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரத்தோடு தப்பித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இப்பச் சொன்னீங்களே, அது போதும். சென்னை டெஸ்ட் இப்ப வேணாம். இங்கயே வைட்டமின் டி அளவு மட்டும் பாப்போம். குழந்தைக்கும் பாக்கணும், உங்களுக்கும் பாக்கணும். உங்க இடுப்பு வலிக்கும் முதுகு ஊசிக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார். இரண்டு பேருக்குமே தரையைத் தொட்ட அளவு. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே வைத்தியம் எழுதிக் கொடுத்தார்.

திருச்சியிலிருந்து பஸ் ஏறினோம். மாமியார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, "என்கிட்ட சொல்லிருக்கலாம்ல ஆத்தா. நான் என்ன ஒன்னைய அடிச்சா போட்டுருப்பேன்?" என்றார். அதோடு ஒரு வாரத்துக்குப் பேச்சில்லை. கணவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். மடியில் கிடந்த பிள்ளையின் முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஒன் கால் நேரானாத்தான்டா அப்பா பிளேன் ஏறுவேன்" என்று அதனிடம் சொன்னார். அவள் மலங்க மலங்க அவரைப் பார்த்தாள்.

சொன்னபடியே அவர் லீவை நீட்டினார், பிறகு சம்பளமில்லாமல் அதையும் தாண்டி இருந்தார். ஜன்னல் திரையை நானே கிழித்துத் தரை துடைக்கப் போட்டேன். காலை பத்து மணிக்கு முற்றத்து வெயிலில் பிள்ளை. வாரம் ஒருமுறை பாலில் கலந்து குடிக்கிற வைட்டமின் பவுடர், தினம் இரண்டு வேளை மென்று தின்கிற கால்சியம் மாத்திரை. எனக்கும் என் பங்குக்கு மாத்திரை, தண்ணீரோடு மாமியார் எதிரில் நின்று விழுங்குவேன். கேழ்வரகு அடை, முட்டை, முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்திலிக் கருவாடு. பிள்ளை கறுத்தாள். எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குக் கிளம்புமுன் அவளைப் பாயில் படுக்க வைத்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவில் என் விரல்களை நுழைத்துப் பார்ப்பேன். முதலில் நாலு விரல் நுழைந்தது. ஐந்தாறு மாதத்தில் மூன்று. அடுத்த நாலைந்து மாதத்தில் இரண்டு. எனக்கும் வலி குறைந்தது, தூணை விட்டுவிட்டு எழ முடிந்தது. "இன்னும் ரெண்டே விரல்டா. அப்பறம் அப்பாவ வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போலாம்" என்று நான் சந்தோஷத்தில் சொல்வேன். அவள் பாயை விட்டு எழுந்து ஓடிவிடுவாள்.

பிறகு நின்றுவிட்டது. இரண்டு விரல், அடுத்த மாதமும் இரண்டு விரல், அதற்கு அடுத்த மாதமும் இரண்டு விரல். சில ஞாயிற்றுக்கிழமை இரண்டு விரலும் தளர்வாக நுழைவது போலத் தோன்றும். விரலை இறுக்கி வைத்து மறுபடி பார்ப்பேன். ராசியில்லாத கை என்று வலது கையை மாற்றி இடது கையால்கூட அளந்து பார்த்தேன்.

திருச்சிக்குப் போனோம். புது எக்ஸ்ரேயில் எலும்பு முனை மறுபடி மங்கியிருந்தது. டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

"மருந்து ஒழுங்கா உள்ள போகுதாம்மா?"

"போகுது சார். சத்தியமா. என் கையாலதான் குடுக்கிறேன்."

இந்தத் தடவை நான் சொன்னது உண்மை. ஆனால் டாக்டரின் கண், கணவர் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பியது. கணவர் தரையைப் பார்த்தார். மாமியார் செபமாலையை உருட்டினார். ஒருத்தரும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும், நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

"மூணு மாசம் பாப்போம். அந்தச் சென்னை டெஸ்ட்டையும் அனுப்பிருவோம். அப்பயும் சரியாகலைன்னா ஆபரேஷன் யோசிக்கணும். எலும்பை வெட்டி, நேராக்கி, பிளேட் வச்சு மூடுறது" என்று டாக்டர் கையால் தன் தொடைமேல் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோடு என் வயிற்றில் ஏறியது. என் வயிற்றுக்கு வரும் என்று பயந்த கத்தியை நானே பிள்ளையின் காலுக்குத் திருப்பிவிட்டது போல இருந்தது. அக்காவின் புண் வாடை பஸ்ஸில் வழி முழுக்க அடித்தது.

அதற்கு அடுத்த வாரம். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் மாமியார் ஆம்லெட்டுக்கு முட்டை எடுக்கிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. சட்டி விளிம்பில் ஒரு தட்டு. உடையவில்லை. இரண்டாவது தட்டு.

என் கை துணியோடு அப்படியே நின்றது.  நான் உள்ளே போனபோது மாமியார் பாதி உடைந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"திரும்பவுமா ஆத்தா?" என்றார். கோபம்கூட இல்லை, பயந்துபோன குரல்.

"இல்லத்தே. நான் உங்க முன்னாலதான விழுங்குறேன். நான் இல்லத்தே."

சொல்லி முடிக்குமுன்னே எனக்கு உறைத்தது. நான் இல்லை என்றால் அந்த வீட்டில் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிற ஆள் இன்னும் ஒருத்திதான்.

மறுநாள் காலை வழக்கம்போல வெயிலில் பலகையைப் போட்டு உட்கார வைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, கதவு இடுக்கில் நின்று பார்த்தேன். வாயில் போட்டாள். மென்றாள், கன்னம் அசைந்தது. நான் தினமும் ஜாடையாகப் பார்த்துவிட்டுப் போகிற அதே அசைவு. கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றும் முற்றும் பார்த்தாள். உள்ளங்கையில் துப்பி, காலடியில் கூடியிருந்த கோழிகளுக்கு நீட்டினாள். ஒரு கோழி கொத்திக்கொண்டு ஓடியது. எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் அப்போது, இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் இப்போது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அடிக்கத்தான் கை ஓங்கியது. ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்குடி கோழிக்குப் போட்ட?"

அழ ஆரம்பித்தாள். 

"கசக்குதா? ஆபரேஷனுக்குப் பயந்தியா? யாரும் ஏதும் சொன்னாங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கால் நேரா ஆயிட்டா அப்பா பிளேன்ல போயிரும்ல" என்றாள்.

கணவர் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். பிரஷ் வாயிலேயே இருந்தது. முந்தின வாரம்தான் இப்போது வராவிட்டால் வேலை போய்விடும் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்திருந்தது. மாதக் கடைசிக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அவர் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

போகமாட்டார்டி என்று சொல்ல ஒரு நொடி போதும். நல்ல தாய் அப்படித்தான் சொல்வாள். சொன்னால் அந்த நிமிஷமே மாத்திரையை வாங்கித் தின்றுவிடுவாள். மாதக் கடைசியில் அவர் பெட்டியைத் தூக்கும்போது, அதன்பிறகு நான் கொடுக்கிற எதையும் நம்பி வாயில் போடமாட்டாள். நான் அந்தப் பொய்யைப் பல்லைக் கடித்து விழுங்கினேன். மாத்திரையைவிட அது கஷ்டமாக இருந்தது.

"அப்பா போவாருடி. கால் நேரானாலும் போவாரு, வளைஞ்சே இருந்தாலும் போவாரு. ஒன் காலுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல. லீவு விட்டதும் வருவாரு."

"அப்பா நடந்து காட்டச் சொல்லுமா போன்ல?"

"சொல்லும். நான் காட்டுறேன். முத்தத்துல நின்னு முழுசாக் காட்டுறேன்."

அவள் என்னையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் இன்னொரு மாத்திரையைப் பிரித்து நீட்டினேன். வாங்கி வாயில் போட்டு மென்றாள். கோழிகள் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றன. விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயை அகலத் திறந்து காட்டினாள்.

நர்சக்காவிடம் காலி அட்டையை நீட்டும்போது நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். விரலை உள்ளே விட்டு, அவள் நாக்குக்கு அடியிலும் தடவிப் பார்த்தேன்.